அந்தத் தாடிக்காரரின் பெயரைப் படிக்க விடுங்களேன்

ஓடிடி தளங்களை நடத்தும் புண்ணியவான்களே, ஒரு படம் எந்த இடத்தில் முடிகிறது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கடைசிக் காட்சி மறைந்து முதல் பெயர் மேலே ஏறத் தொடங்கிய அந்த நொடியே உங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. திரை சுருங்குகிறது. பெயர்கள் எல்லாம் ஒரு மூலையில், தபால் தலை அளவுப் பெட்டிக்குள் போய் ஒண்டிக்கொள்கின்றன. மீதி இடம் முழுவதும் எவனோ துப்பாக்கியோடு ஓடும் வேறொரு படத்தின் விளம்பரம். அதன் மேல் ஒரு பொத்தான். பொத்தானுக்குள் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை வேறு. ராக்கெட்டா விடுகிறீர்கள்?

நான் சோபாவின் இடுக்கில் கைவிட்டு ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த எபிசோட் ஓடத் தொடங்கியிருக்கும். அவசரத்தில் அழுத்தினால், வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேண்டாத பொத்தானில்தான் அமுங்கும். திரும்பப் போய், கடைசி நிமிடத்தைப் பிடித்து, மறுபடியும் அந்தப் பெட்டி சுருங்குவதற்குள் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டும். ஒருவரின் பெயரைத் தெரிந்துகொள்ள இவ்வளவு வித்தை காட்ட வேண்டியிருக்கிறது.

யாருடைய பெயர் என்றுதானே கேட்கிறீர்கள்? கதாநாயகனின் பெயரை யார் தேடப்போகிறார்கள்! அது சுவரொட்டியில் இருக்கிறது, முன்னோட்டத்தில் இருக்கிறது, படத்தின் தொடக்கத்தில் தனித் திரையில் இருக்கிறது. எந்தப் பெயர் எங்கே, எந்த அளவில், யாருக்கு முன்னால் வர வேண்டும் என்று ஏஜெண்டுகள் உட்கார்ந்து பேரம் பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பார்கள். நான் தேடுவது வேறு ஆளை. இரண்டே காட்சிகளில் வந்து, மொத்தப் படத்துக்கும் எடையைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அந்தக் குணச்சித்திர நடிகரை. அவருடைய பெயர் வருவது அந்தக் கடைசிப் பட்டியலில் மட்டும்தான். நீங்கள் சுருக்குவதும் அதைத்தான்.

ஜேம்ஸ் காஸ்மோ என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் யார் என்று கேட்பார்கள். முகத்தைக் காட்டினால் ‘அட, இவரா!’ என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவை ஒட்டிய கிளைட்பேங்கில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கும் தோள், நரைத்த தாடி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அப்பா ஜேம்ஸ் கோப்லாந்தும் நடிகர்தான். 1954இல் வந்த ‘தி மேகி’ என்ற நகைச்சுவைப் படத்தில், ஓட்டை உடைசல் சரக்குக் கப்பல் ஒன்றின் மாலுமிகளில் ஒருவராக வருவார். ஆக, தலைமுறை தலைமுறையாகப் பட்டியலின் நடுவில் இருக்கும் குடும்பம்.

மகன் 1969இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்திலேயே தலைகாட்டிவிட்டார். லாரன்ஸ் ஒலிவியே, மைக்கேல் கெய்ன் என்று பெரிய தலைகளாகக் குவிந்திருந்த படத்தில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையனை யார் கவனித்திருப்பார்கள்? அதன் பிறகு வருடக்கணக்கில் தொலைக்காட்சித் தொடர்களில் போலீஸ்காரர், சிப்பாய், அடியாள் என்று கிடைத்ததையெல்லாம் நடித்திருக்கிறார். 1986இல் ‘ஹைலேண்டர்’ வந்தது. அந்தக் கூத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரனாக நடித்தவர் பிரெஞ்சு நடிகரான கிறிஸ்டோபர் லாம்பெர்ட். உண்மையான ஸ்காட்லாந்துக்காரரான ஷான் கானரியோ, எகிப்தில் பிறந்து ஸ்பெயின் அரசனிடம் வேலை பார்ப்பவராக, தன் ஊர் உச்சரிப்பைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல் வருவார். அசல் மலைநாட்டு ஆளாகவே வந்தவர்களில் காஸ்மோ ஒருவர், நாயகனின் உறவுக்காரன் ஆங்கஸ். அவர் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அடுத்தது ‘பிரேவ்ஹார்ட்’, 1995. ஆங்கிலேயரை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸின் கதை, ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம். மெல் கிப்சனின் நீல முகத்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு நினைவிருப்பது காஸ்மோ நடித்த கிழவர் கேம்பல். அம்பு பட்ட காயத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்கும் காட்சி. சிலர் சேர்ந்து அவரை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள், இரும்பு சதையில் படுகிறது, அடுத்த கணம் எழுந்து, பிடித்திருந்தவன் மேல் ஒரு குத்து விடுகிறார். வலி, கோபம், வேடிக்கை மூன்றும் அந்த ஒரே அசைவில் இருக்கும். சிரிப்பதா பதறுவதா என்று தெரியாமல் நாம் உட்கார்ந்திருக்கும்போதே அவர் சாதாரணமாக நகர்ந்துவிடுவார். அந்தப் படத்தில் அவருக்கு மகனாக, செம்பட்டைத் தலை ஹேமிஷாக வருபவர் அயர்லாந்து நடிகர் பிரெண்டன் கிளீசன். கிளீசன் பிறந்தது 1955இல். காஸ்மோ அவரைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர்! அண்ணனாக இருக்க வேண்டியவரை அப்பனாக்கிவிட்டார்கள். படம் பார்க்கும்போது அது ஒரு கணமாவது உறுத்துகிறதா? உறுத்தாது. அதுதான் அந்த மனிதரின் தொழில்.

மறு வருடமே ‘டிரெயின்ஸ்பாட்டிங்’. எடின்பரோவின் ஹெராயின் அடிமைகளைப் பற்றிய படம், இயக்கம் டேனி பாயில். யுவன் மெக்ரிகரின் ரெண்டன் பாத்திரத்துக்கு அப்பா, நம்முடைய காஸ்மோதான். வாளும் இல்லை, கோடரியும் இல்லை. சாதாரணச் சட்டை போட்ட, என்ன செய்வதென்று தெரியாத ஒரு தகப்பன். சாவின் விளிம்புவரை போய் வந்த மகனை அவன் சின்ன வயசு அறையில் போட்டுத் தாழிடுகிறார்கள் பெற்றவர்கள். முந்தைய வருடம் கோடரியோடு ஆங்கிலேயர்களைப் பிளந்த அதே ஆள், இங்கே ஒரு கதவைச் சாத்திவிட்டுத் தோள் தளர்ந்து நிற்கிறார். இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 2017இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அதே அப்பா. இப்போது மனைவி இல்லை. ஊருக்குத் திரும்பி வந்த மகன் ஒரு கட்டத்தில் அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறான். வசனம் பேசித் தீர்க்கக்கூடிய இடம். அவர் சும்மா நிற்கிறார், நம் தொண்டை அடைக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு நடிப்பைப் பார்த்து முடித்த கையோடு, யார் இவர் என்று தெரிந்துகொள்ளத் தோன்றாதா ஒரு மனிதனுக்கு? தோன்றும் அந்த நொடியில்தான் ‘உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்’ என்று குறுக்கே வந்து நிற்கிறீர்கள். எனக்கு எது பிடித்திருக்கிறது என்று நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்லையே ஐயா!

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால், ‘கைபேசியில் தேடினால் ஒரு நொடியில் வந்துவிடும், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்கிறார்கள். சரி, என்னவென்று தேடுவது? ‘தாடி வைத்த கிழவர்’ என்றா? படத்தின் பெயரைப் போட்டால் அந்தத் தளமே மூன்று நட்சத்திரங்களின் பெயரைக் காட்டிவிட்டுப் புள்ளி புள்ளி வைத்துவிடுகிறது. முழு விவரம் உள்ள இணையதளத்துக்குப் போனால் வேறு விபத்து காத்திருக்கிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பருவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், பனிச்சுவர்க் காவல்படையின் தலைவராக வரும் அந்தக் கிழட்டுக் கரடி யார் என்று தேடுகிறார் என்று வையுங்கள். பெயருக்குப் பக்கத்திலேயே 2011 முதல் 2013 வரை என்று போட்டிருக்கும். தொடரோ 2019 வரை ஓடியது. ஆள் எப்போது சாகிறார் என்பது ஆண்டுக் கணக்கோடு தெரிந்துவிட்டது. பெயரைத் தெரிந்துகொள்ளப் போனவருக்கு இழவுச் செய்திதான் கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு, நானும் அதைத்தானே செய்தேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பத்து வருடத்துக்கு மேல் பழைய சாவு அது.)

அந்தக் கிழட்டுக் கரடி ஜியோர் மார்மண்டாகக் காஸ்மோ செய்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில், தன் உயிரைக் காப்பாற்றிய காவல்படை இளைஞன் ஜான் ஸ்னோவுக்குத் தன் குடும்ப வாளைக் கொடுப்பார். தலைமுறைகளாக மகனுக்குப் போய்க்கொண்டிருந்த வாள். மகன் ஜோரா அவமானத்தைச் சம்பாதித்துக்கொண்டு நாட்டை விட்டு ஓடிவிட்டான். பிடியில் இருந்த தன் குடும்பத்துக் கரடித் தலையை எடுத்துவிட்டு, ஸ்னோவின் குடும்பச் சின்னமான ஓநாய்த் தலையைப் பொருத்திக் கொடுக்கிறார். கொடுக்கும்போது குரலில் கனிவே இருக்காது, கிட்டத்தட்ட அதட்டல். பெற்ற மகனுக்குக் கொடுக்க முடியாததை வேறு ஒருவனுக்குக் கொடுக்கிறோமே என்ற அந்தக் கசப்பை, அதட்டலுக்கு அடியில் எங்கோ ஒளித்து வைத்திருப்பார். அந்த ஓடிப்போன ஜோராவாக நடித்த இயன் கிளென்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான், எடின்பரோவில் பிறந்தவர். அப்பாவும் மகனும் தொடரில் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வரவில்லை. இருந்தும் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று நம்புகிறோம்.

‘அவுட்லா கிங்’ (2018) படத்தில் ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸாக அமெரிக்கர் கிறிஸ் பைன். புரூஸின் அப்பா யார்? வேறு யார், காஸ்மோதான். ‘பிரேவ்ஹார்ட்’டில் வாலஸ் பக்கம் நின்று செத்தவர், இருபத்து மூன்று வருடம் கழித்துப் புரூஸைப் பெற்றவராக வந்துவிட்டார். ஸ்காட்லாந்தின் வரலாற்றில் மிச்சம் யாராவது மகன்கள் இருந்தால் சொல்லுங்கள், இவரே அப்பாவாகிவிடுவார். நார்னியாவின் முதல் படத்தில் பனிக்காட்டில் பிள்ளைகளுக்கு வாளும் வில்லும் கொடுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் அவர். ‘டிராய்’ படத்தின் தளபதி கிளாக்கஸ், ‘வொண்டர் வுமன்’ படத்தின் ஃபீல்டு மார்ஷல் ஹெய்க், ஒரு அமெரிக்க பைக் கும்பல் தொடரில் அயர்லாந்துப் பாதிரியார். நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை, சொன்னால் இந்தப் பதிவே பெயர்ப் பட்டியலாகிவிடும், பிறகு இதையும் யாராவது மூலையில் சுருக்கிவிடுவார்கள்.

பிரிட்டிஷ் அரசே 2018இல் எம்பிஇ என்ற கௌரவப் பட்டம் கொடுத்துக் கூப்பிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஒரு பொத்தானுக்கு மட்டும் அவரைத் தெரியாது.

இது ஓடிடி தளங்கள் புதிதாகக் கண்டுபிடித்த பாவமும் இல்லை. பிரிட்டனில் தொலைக்காட்சிகள் முன்பே பெயர்களை அரைத்திரைக்குள் நசுக்கி, அதன் மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பற்றி ஒருவர் உரக்கப் பேசுகிற பழக்கத்தை ஆரம்பித்துவிட்டன. நடிகர் சங்கமான ஈக்விட்டி அதை எதிர்த்துப் பேசியிருக்கிறது. ஓடிடி வந்து, அரைகுறையாகத் தெரிந்ததையும் இல்லாமல் செய்துவிட்டது.

நம் பக்கத்து நிலைமை இதைவிடக் கேவலம். வெளிநாட்டுத் தொடரைத் தமிழ்க் குரலில் பார்க்கிறோம். காஸ்மோ போன்ற ஒருவரின் வாயசைவுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர் சாதாரண வேலையா செய்கிறார்? அவருடைய பெயர் எங்கே வரும் தெரியுமா? ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, நிறுவன முத்திரைகளும் முடிந்து, கடைசியின் கடைசியில், பல நேரம் கண் சிமிட்டும் நேரத்துக்கு. அதுவரை போய்ப் பார்க்க அடுத்த எபிசோட் விட்டால்தானே! நாடகக் குழுக்களில்கூட முடிவில் எல்லோரையும் மேடையில் நிறுத்திக் கும்பிட வைப்பார்கள்.

2022இல் ‘மை செய்லர், மை லவ்’ என்று ஒரு படம் வந்தது. பின்லாந்துக்காரர் கிளாவுஸ் ஹேரோ இயக்கி, அயர்லாந்துக் கடற்கரையில் எடுத்தது. ஓய்வு பெற்ற கப்பல் தலைவன், வீட்டு வேலைக்கு வரும் ஒரு பெண்மணி, இருவரும் முதிய வயதில் காதலிக்கிறார்கள், மகளுக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கப்பல் தலைவன் காஸ்மோ. எழுபது தாண்டியபின் ஒரு காதல் கதைக்கு நாயகன்! மகளைக் கண்டால் எரிந்து விழும் கிழவன், வந்தவளிடம் குழைகிற இடங்களில் அந்தப் பெரிய உடம்பே வெட்கப்படுவது போலிருக்கும். நான் பணம் கட்டும் தளத்தில் அவர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போட்டுத் தேடினேன். விண்வெளி பற்றிய ஒரு ஆவணத் தொடரைக் காட்டியது.

எனக்கு வேண்டியது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, முழு அளவில், முடியும்வரை. உங்கள் அடுத்த எபிசோட் எங்கும் ஓடிப்போகாது. அவசரப்படுகிறவர் பொத்தானை அழுத்திப் போகட்டும். இப்போது தலைகீழாக அல்லவா இருக்கிறது! பெயரைப் பார்க்க விரும்புகிறவன் பொத்தானைத் தேடி அலைகிறான்.

தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது என்று உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்கு, அமைப்பு, சுயவிவரம், பின்னணி என்று நாலு கதவைத் திறந்து உள்ளே போய் நிறுத்தினேன். சில நாள் நிம்மதி. போன வாரம் செயலியைப் புதுப்பித்தார்கள். நேற்று இரவு மறுபடியும் ஐந்து, நான்கு, மூன்று.