கிளுவை வேலிக்கு இரண்டு பக்கமும்

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் மாமா ஊரில் அடுத்தடுத்து இரண்டு கொரங்காடு இருக்கிறது. கொரங்காடு என்றால் மழையை மட்டும் நம்பி ஆடு மாடு மேய விடுகிற நிலம். நடுவில் ஒரு கிளுவை வேலி, கிளுவைச் செடியை நெருக்கமாக வளர்த்த உயிர்வேலி. இந்தப்பக்கம் மாமாவுடையது: கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்தது மாதிரி வெள்வேல மரம், இருபது முப்பது செம்மறி, இரண்டு காங்கயம் பசு. அந்தப்பக்கத்துக்காரர்கள் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அங்கே ஆடு மேயவில்லை, ஏர் இறங்கவில்லை. இப்போது உள்ளே கால் வைக்க வழியில்லை. முழுக்கச் சீமைக் கருவேலம்.

போன மாதம் ஒரு நண்பரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மரம் நடப் போகிறவர். வேலி ஓரமாக நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப்பக்கம் பாருங்க, சும்மா விட்டாலே இயற்கை எப்படிப் பச்சையாயிடுது. இந்தப்பக்கம்தான் பொட்டக்காடா கிடக்கு. மாமாகிட்ட பேசுங்க, ஒரு ஐநூறு கன்னு வெச்சுக் கொடுத்துருவோம்." திரும்பி வரும்போது வண்டியில் இன்னொன்றும் சொன்னார். கரியமில வாயு கூடுகிறது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், ஆனால் அது செடிக்குச் சாப்பாடுதானே, பூமி பச்சையாகிறது என்று செயற்கைக்கோளே காட்டுகிறதே என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலை மேல் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1980-களிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகில் செடிகொடி வளரும் பரப்பில் கால் பங்கு முதல் பாதி வரை இலை கூடியிருக்கிறது, அதில் பெரும்பங்குக்குக் காரணம் இந்த வாயுதான் என்றது அந்த ஆய்வு. சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் மேலே இருந்து பார்க்கிற கருவிக்குப் பச்சை என்றால் பச்சை, அவ்வளவுதான். அது கொழுக்கட்டைப் புல்லா, சீமைக் கருவேலமா என்பது ஆட்டுக்குத் தெரியும். ஆடு வளர்ப்பவருக்குத் தெரியும்.

இங்கே கொஞ்சம் பாடம் மாதிரி வரும். செடிகள் கரியமில வாயுவைப் பிடிக்க ரூபிஸ்கோ என்று ஒரு நொதியை நம்பியிருக்கின்றன. அதற்கு ஒரு குறை உண்டு. ஆக்சிஜனையும் தவறுதலாகப் பிடித்துவிடும், வெயில் ஏற ஏற இந்தத் தவறு கூடும். நெல், கோதுமை, கிட்டத்தட்ட எல்லா மரங்களும் இந்தக் குறையோடுதான் காலம் தள்ளுகின்றன. இவற்றை சி3 என்பார்கள். சோளம், கம்பு, கரும்பு, அருகு, நம் கொழுக்கட்டைப் புல் எல்லாம் வேறு ஏற்பாடு செய்துகொண்டவை. வாயுவை இலையின் வெளியறையில் பிடித்து, உள்ளறைக்குக் கொண்டுபோய்க் குவித்து, அங்கே வைத்து ரூபிஸ்கோவுக்கு ஊட்டுகின்றன. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை வைத்து இதை விளக்கினார்கள். இவை சி4. காற்றில் அந்த வாயு குறைவாக இருந்த காலத்தில், வெயில் காயும் நிலத்தில், புல் மரத்துக்கு ஈடு கொடுத்து நின்றதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிறவரை சொந்தக் கிணறு வைத்திருப்பவனுக்குத்தான் மதிப்பு. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டால்? அதுதான் இப்போது நடக்கிறது. காற்றிலேயே வாயு பெருகப் பெருக சி3 மரத்துக்கும் புதருக்கும் குறை நீங்குகிறது. சி4 புல்லுக்கு அதனால் நேரடியாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் குட்டைப் புல் மேய்ச்சல் நிலத்தில் மேலே திறந்த கூண்டுகள் வைத்து, உள்ளே கரியமில வாயுவை இரட்டிப்பாக்கி ஐந்து வருஷம் பார்த்தார்கள். மாடுகள் அவ்வளவாகத் தொடாத ஒரு மாசிபத்திரி வகைப் புதர் அந்தக் கூண்டுகளில் சுமார் நாற்பது மடங்கு பெருகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் வில்லியம் பாண்ட், கை மிட்க்லி போன்ற ஆய்வாளர்கள் வேல மரக் கன்றுகளைப் பனியுகக் காலத்துக் காற்று, தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்று, இன்றைய காற்று என்று தனித்தனியாக வைத்து வளர்த்தார்கள். கரியமில வாயு மிகக் குறைவாக இருந்த பனியுகக் காற்றில் கன்று நோஞ்சானாக நின்றது. இன்றைய காற்றில் வேர் பருத்து, அதில் மாவுச்சத்து சேர்ந்து, முள்ளும் கூடுதலாக வந்தது. காட்டுத்தீயில் கருகினாலும் ஆடு கடித்தாலும் அந்த வேர்ச் சேமிப்பை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று மறுபடி துளிர்த்துவிடும். அடுத்த தீ வருவதற்குள் தலை தப்பும் உயரத்துக்குப் போய்விடும்.

நம் நீலகிரியிலேயே இதன் பழைய வரலாறு மண்ணுக்குள் கிடக்கிறது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் சகாக்களும் அங்குள்ள சதுப்பு மண்ணைத் தோண்டி, சி3 செடி மக்கியதா சி4 செடி மக்கியதா என்று கார்பன் கணக்கை வைத்துப் பிரித்துப் பார்த்து, 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அங்கே சி4 புல் ஓங்கியிருந்தது. மழை கூடிய காலங்களில் சி3 கை ஓங்கியது. வறட்சியும் கரியமில வாயு குறைந்த காற்றும் புல்லின் பக்கம், ஈரமும் அந்த வாயு கூடிய காற்றும் மரத்தின் பக்கம். அன்றைக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களில் நடந்த மாற்றத்தை இன்று நாம் ஒரு ஆள் ஆயுளுக்குள் செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் புல்லுக்கு யார் துணை? இதைத்தான் நண்பரிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். புல்லைத் தின்கிற வாய்தான் அதற்குத் துணை.

மாமா ஒரு புல் தூரைக் கையால் விலக்கிக் காட்டினார். மேலே பார்த்தால் காய்ந்த வைக்கோல், செத்துப்போனது என்றுதான் யாரும் சொல்வார்கள். அடியில் மண்ணோடு மண்ணாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வெள்ளையும் இளம்பச்சையுமாகக் குருத்து. "இது இருக்கற வரைக்கும் புல்லு சாகாது மாப்ளே. ஆடு இதையும் கரண்டற அளவுக்கு விட்டமுன்னா போச்சு" என்றார். மரக்கன்றுக்கு வளர்கிற முனை உச்சியில் இருக்கிறது. புல்லுக்கு அடியில் இருக்கிறது. ஒரே கடிதான், புல்லுக்கு முடி வெட்டியது போல, கன்றுக்குத் தலையை வெட்டியது போல. மேயவே இல்லை என்றாலும் புல்லுக்கு நல்லதல்ல. பழைய வைக்கோல் மூடி, வெளிச்சம் குருத்துக்குப் போகாமல், தூர் தனக்குள்ளேயே மூச்சு முட்டும்.

அதிகமாக மேய்ந்தால் கதை தலைகீழ். இலை போனால் புல் தன் வேரைத்தான் சுருக்கிக்கொள்ளும். வேர் சுருங்கினால் அடுத்த மழையில் அந்த ஈரம் யாருக்கு? ஆழ வேர்விட்ட முட்புதருக்கு. ஏற்கனவே காற்று அதன் பக்கம், இப்போது தண்ணீரும் அதன் பக்கம். உலகம் முழுக்க மேய்ச்சல் நிலங்களைப் புதர் பிடித்த கதைகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று கேட்பதே தப்பு. எத்தனை ஆடு, எப்போது, எத்தனை நாள் ஓய்வு என்று கேட்க வேண்டும். மாமா நிலத்தை மூன்று துண்டாகக் கிளுவை வேலி போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்றில் ஆடு இருக்கும்போது மற்ற இரண்டிலும் படலைச் சாத்தி ஆறப்போட்டுவிடுவார். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, தரையைக் கிளறிவிட்டு, மறுபடி புல்லுக்கு விடுவார். புல்லுக்கு நடுவே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் தானாக வரும். கோடையில் தீவனம் குறைகிறபோது வெள்வேலங்காய் உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற சரளை மண்ணில், ஒரு சொட்டுப் பாசனம் இல்லாமல், காங்கயம் மாட்டையும் மேச்சேரி, மயிலம்பாடி ஆட்டையும் இத்தனை தலைமுறையாகத் தாங்கிய ஏற்பாடு இது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் கொடுத்ததில்லை. இதைப் பொட்டக்காடு என்று கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்துக் காட்டைச் சீமைக் கருவேலம் பிடித்ததற்குக் கரியமில வாயுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதல் காரணம் கைவிட்டதுதான். ஆனால் கைவிட்ட இடத்தில் எது வெல்லும் என்று பாருங்கள். சீமைக் கருவேலம் சி3 மரம். ஆழமான வேர். நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும் அவரை இனம். இலையை ஆடு மாடு சீண்டாது, காயோ தித்திப்பு. மாமாவின் பசு ஒன்று வேலிச் சந்து வழியாகப் போய் அந்தக் காயைத் தின்றுவிட்டு வந்திருந்தது. மழை பெய்து சில வாரம் கழித்து அது போட்ட சாணி ஒன்றைப் பார்த்தேன். காய்ந்த வரட்டி அளவு வட்டம், அதற்குள் பதினொரு கன்று. எண்ணிவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விரல் நீளச் செடிக்கு முழ நீள வேர். தினமும் அங்கே நடக்கிற மனிதர் இல்லையென்றால் அந்தப் பதினொன்றும் மரம்தான். குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி புல்வெளி இருக்கிறது, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உப்பு மண் பரவுவதைத் தடுக்க என்று 1961 வாக்கில் இதே மரத்தை அங்கே விதைத்தார்கள். இன்று அங்குள்ள மேய்ப்பர்களான மால்தாரிகள் எருமை மேய்க்க இடம் தேடி முள்ளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மிச்சம் இருக்கிற புல்லின் சத்து இன்னொரு கவலை. செடிக்குக் கார்பன் தாராளமாகக் கிடைத்து, மண்ணில் நைட்ரஜன் அதே அளவில் இருந்தால் இலை கனக்கும், புரதம் நீர்க்கும். அமெரிக்காவின் கான்சாஸில் கொன்சா என்ற புல்வெளியில் மூன்று பத்தாண்டுகளில் புல்லின் எடை ஏறக்குறைய இரட்டித்திருக்கிறது. ஆனால் அதிலிருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம் எல்லாம் குறைந்துவிட்டன, அதைத் தின்கிற வெட்டுக்கிளியும் குறைந்துவிட்டது என்று 2020-ல் வெளியிட்டார்கள். மாட்டுக்கும் இதே கதைதான். அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வயிறு நிறையத் தின்றும் மாடு மெலியும். கொரங்காட்டில் தானாக வரும் நரிப்பயறை நான் களை என்று நினைக்காததற்குக் காரணம் இதுதான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் ஆட்டுக்கும் கொடுப்பது அந்தக் கொடி.

மரம்தான் கட்டாயம் வெல்லும், புல் தோற்கும் என்று கைகழுவிவிடவும் முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் க்ரீக் என்ற இடத்தில், புல்லிலேயே இருக்கிற சி3, சி4 வகைகளை வைத்து 20 வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். முதல் 12 வருஷம் எதிர்பார்த்தது மாதிரியே கூடுதல் கரியமில வாயுவில் சி3 புல் 20 சதவீதம் கூடியது, சி4 அசையவில்லை. அடுத்த 8 வருஷத்தில் அப்படியே மாறியது. சி4 புல் 24 சதவீதம் கூடியது, சி3 சற்றே பின்வாங்கியது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும் விதம் மாறியதுதான் காரணம் என்றார்கள். 2018-ல் அது வெளியானபோது துறைக்காரர்களே வியந்தார்கள். எனக்கு அது ஒரு தெம்பு. காற்று மட்டும் தீர்ப்பு எழுதுவதில்லை, மண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. மண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

ஆனால் கையில் இருப்பதை நாம் வைத்துக்கொள்கிறோமா? வெள்ளைக்காரன் வரி வராத நிலத்தையெல்லாம் தரிசு என்று எழுதினான். அந்தச் சொல்லை நாம் இன்னும் விடவில்லை. புல் நிலம் என்றால் காலி இடம், காலி இடம் என்றால் சோலார் தகடு, மனைப்பிரிவு, இல்லாவிட்டால் மரம் நடும் விழா. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியில் சீகை மரத்தையும் (வாட்டில்) யூகலிப்டஸையும் நட்டுவிட்டு, இப்போது அதை வெட்டிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறோம். தோடர் எருமைகள் மேய்ந்த சரிவுகளில் எருமை குறைந்துவிட்டது, முட்புதர் கூடிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நண்பரே, உங்கள் ஞாயிற்றுக்கிழமையை நான் மதிக்கிறேன். மரம் இருந்து வெட்டப்பட்ட இடத்தில் நடுங்கள், நானும் குழி தோண்ட வருகிறேன். கொரங்காட்டில் மட்டும் வேண்டாம். அங்கே இருக்க வேண்டிய வெள்வேல மரம் ஏற்கனவே இருக்கிறது.

கொரங்காடு வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். விற்காதீர்கள். சும்மாவும் போடாதீர்கள். ஆடு வைத்திருக்கிற யாருக்காவது குத்தகைக்கு விடுங்கள், பணம் குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சீமைக் கருவேலங்கன்றைப் பிடுங்க வேண்டும், வேலிச் சந்தை அடைக்க வேண்டும் என்று மட்டும் பேசி வையுங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரரிடம் மாமா பேசியிருக்கிறார். திருப்பூரிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். ஜேசிபி வைத்து வேரோடு எடுக்கிற செலவை யார் தருவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஏக்கராவது திறந்துவிட்டால், உழுது சோளத்தோடு கொழுக்கட்டைப் புல் விதையையும் சேர்த்துத் தூவிவிடலாம் என்கிறார் மாமா. விதையைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். அணில் வால் மாதிரி இருக்கிற அந்தக் கதிரை அத்தை தன் கையால் உருவி எடுத்தது.