மலைக்கோட்டையில் உச்சிக்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள்

திருச்சி மலைக்கோட்டைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான்: மூச்சு வாங்க உச்சிப் பிள்ளையார் வரை ஏறுவது, காவிரியைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுப்பது, இறங்கி சின்னக்கடை வீதியில் புகுந்துவிடுவது. சாமி கும்பிடப் போகிறவர்களைச் சொல்லவில்லை. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஊர் பார்க்கவென்றே அந்த மலைக்குப் போகிற வழக்கம் நம் காலத்தில் வந்ததல்ல. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம்.

தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிக்கு ஏறும்போது, கடைசிப் படிவரிசைக்கு இடப்பக்கம் மேல் குடைவரை (பாறையைக் குடைந்து செய்த கோயில்) இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. பெயர் லளிதாங்குர பல்லவேசுவரகிருகம். முகப்பில் நான்கு தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, சதுரங்களில் தாமரைப் பதக்கம். குடைவரை தெற்கு நோக்கியது. வலப்பக்கம், அதாவது கிழக்குச் சுவரில், கருவறை. இப்போது காலியாக இருக்கிறது. நீங்கள் நின்று பார்க்க வேண்டியது எதிரே மேற்குச் சுவர்.

அங்கே கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் தாங்கும் சிவன். ஒரு கை இடுப்பில். வலது காலைத் தூக்கிக் கீழே இருக்கும் பூதத்தின் மேல் வைத்திருக்கிறார். வலது மேற்கை ஒரு சடையைப் பிரித்துப் பிடித்திருக்கிறது. அதில் இறங்க கங்கை கைகூப்பிய பெண்ணாக மேலிருந்து வருகிறாள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களைப் பார்த்தவர்கள் இதன் அடக்கத்தைக் கவனிக்கலாம். இங்கே கூட்டமில்லை. சிவனைச் சுற்றி ஒரு சிலர்தான், எல்லோர் கவனமும் அவர் மேல்.

சிற்பத்தின் இருபுறமும் உள்ள அரைத்தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள். 1890-ல் கல்வெட்டு அறிஞர் ஹுல்ச் இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஒரு சுலோகத்தில் சிவன் மன்னனிடம் கேட்கிறார்: மண்ணில் ஒரு கோயிலில் நின்றால் சோழரின் பெருவளத்தையும் காவிரியையும் எப்படிக் காண்பேன்? உடனே குணபரன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) மேகம் தொடும் இந்த மலையையே கொடுத்துவிடுகிறான். இன்னொன்று அதைவிடக் குறும்பு. ஆறு என்றாலே சிவனுக்கு ஆசை; சோலைகளை மாலையாகப் போட்ட காவிரியைக் கண்டால் மயங்கிவிடுவார் என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே நிரந்தரமாக வந்து, “அந்த ஆறு பல்லவனின் காதலி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

பக்திக்குள்ளே அரசியலை எவ்வளவு நைசாக நுழைத்திருக்கிறான் பாருங்கள். சோழநாட்டு நடுவில் நின்றுகொண்டு, காவிரி எனக்குச் சொந்தம் என்று பார்வதி வாயால் சொல்ல வைக்கிறான்! இந்த இரண்டு சுலோகங்களின் பொருளையும் படியேறும் வழியிலேயே நாலு பேர் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைத் தெரிந்துகொண்டு மேலே போய் வடக்கே பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஏறுவது பற்றி. மலை 83 மீட்டர், படிகள் 417 என்று பொதுவாக எழுதுவார்கள். எண்ணி ஏறினால் ஆளுக்கொரு கணக்கு வரும், எதைப் படி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் பக்கமே செருப்பை விட்டுவிட வேண்டும். தாயுமானவர் கோயில் வரைக்கும் கூரைக்கு அடியில் நிழலான படிகள், சிரமமில்லை. அதற்கு மேல்தான் திறந்த பாறை. ஏறுகிறவர்கள் சொதப்புவது இங்கேதான். பதினொரு மணிக்குக் கிளம்பினால் பாதி வழி குளுகுளு என்று இருக்கும், மீதி வழியில் பாதம் பொரியும். தாயுமானவர் நடையும் மதியம் சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலை ஆறரை, ஏழு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். கங்காதரருக்கும் காலை வெளிச்சம்தான் நல்லது, கிழக்குப் பார்த்தவர். கம்பிக்கதவு பூட்டியிருந்தால் அங்கே பணியில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கஷ்டப்படுவார்கள். கைப்பிடிப் பக்கமாகவே இறங்குவது நல்லது.

உச்சியில் வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம் தீவு, அதற்கும் அப்பால் கொள்ளிடம். ராஜகோபுரத்தைத் தேட வேண்டியதில்லை, 236 அடி. நீங்கள் நிற்கும் மலையே 273 அடிதான். 1987-ல் கட்டி முடித்தது என்பதால், அதற்கு முன் எடுத்த படங்களில் அந்த உயரம் இருக்காது. சற்றுக் கிழக்கே திருவானைக்காவல் கோபுரங்கள். ஆனால் மாதம் பார்த்துப் போங்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்காத கோடையில் கீழே தெரிவது மணல்தான். ஆடிப்பெருக்குக்குப் பிறகு தை வரை போனால் பார்வதியின் பயம் நியாயம்தான் என்று தோன்றும். கொள்ளிடத்தில் மட்டும், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரி நீரைத் திருப்பிவிட்டால்தான் வெள்ளம்.

கோட்டை எங்கே என்று பலர் கேட்பார்கள். நாயக்கர் காலக் கோட்டைச் சுவர் போய்விட்டது. அகழியைத் தூர்த்து மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று ஆக்கிவிட்டார்கள். பழைய கோட்டை வாசலான மெயின்கார்டு கேட் மிச்சம். மேலிருந்து பார்த்தால் தெப்பக்குளத்தையும் கடைத்தெருக்களையும் சுற்றிப் பழைய கோட்டையின் எல்லையை அந்த ரோடுகளை வைத்தே கண்ணால் பிடிக்கலாம். 1751-ல், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் முற்றுகையிட்டது இந்த வட்டத்தைத்தான்.

விநாயகர் சதுர்த்தியன்று மேலே 75 கிலோ, கீழே 75 கிலோ என்று கொழுக்கட்டை படைப்பார்கள். பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் ஊர் பார்க்கும் நாள் அதுவல்ல. 1849 சதுர்த்தியில் இந்தப் படிகளில் நெரிசல் ஏற்பட்டுச் சுமார் 250 பேர் இறந்திருக்கிறார்கள். குடைந்த படிவழி இன்றைக்கும் குறுகல்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு நாள் பாருங்கள்.

இறங்கிய பிறகு தெம்பு இருந்தால், மலையின் தெற்கடியில் வீடுகள் நெருக்கும் தெருவில் கீழ்க் குடைவரையை விசாரித்துப் போய்ப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை என்பது பெரும்பாலோர் கருத்து. எதிரெதிரே சிவனுக்கும் திருமாலுக்கும் கருவறை, நடுச் சுவரில் பிள்ளையார், முருகன், பிரமன், சூரியன், துர்க்கை. இதற்கு மலையேற வேண்டாம், ஆனால் கூட்டமே இருக்காது.