அணு ஒரு குட்டிச் சூரியக் குடும்பமா?

"சூரியனைக் கோள்கள் சுற்றுவது போலவே அணுக்கருவை எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் சுற்றுகின்றன" என்ற வரியோடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. மாணவர்களே, இது தவறு.

இயற்பியலாளர் ரூதர்போர்டு 1911-இல் அணுக்கருவைப் பற்றி அறிவித்தபோதே சிக்கல் தெரிந்துவிட்டது. மின்சுமை கொண்ட துகள் வட்டமடித்தால் கதிர்வீச்சாக ஆற்றலை இழக்கும். அப்படியானால் நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எலக்ட்ரான் கருவில் விழுந்திருக்க வேண்டும். எந்தப் பொருளும் நிலைத்திருக்காது, நாம் உட்பட!

1913-இல் நீல்ஸ் போர், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களே உண்டு என்றார். ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளுக்கு (அது வெளிவிடும் ஒளியைப் பிரித்தால் தெரியும் தனித்தனி நிறக்கோடுகள்) அது அழகாகப் பொருந்தியது, ஹீலியத்திலேயே தடுமாறியது. 1926-இல் எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் வட்டப்பாதை என்ற கருத்தே கைவிடப்பட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை மட்டுமே கணக்கிட முடியும். அந்தப் பகுதிதான் ஆர்பிட்டால். இன்னும் வியப்பு: ஹைட்ரஜன் அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், கருவைச் சுற்றுவதற்குரிய கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) எலக்ட்ரானுக்குப் பூஜ்யம். கோள் எதுவும் அப்படிச் சுற்ற முடியாது.

இதைப் படித்துவிட்டுப் பாடநூலைச் சந்தேகிக்க வேண்டாம். சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பை 2, 8, 1 என்று எழுதுவது சரியே. அங்கே வரைந்துள்ள வட்டங்கள் ஆற்றல் மட்டங்களைக் குறிக்கின்றன, எலக்ட்ரான் ஓடும் தடங்களை அல்ல.