நோட்டின் பின்பக்கம்

சிறார் இலக்கிய வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் எதையாவது வாசித்து ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு படிவமும் கொடுத்தார்கள்: நூல், ஆசிரியர், கதைச்சுருக்கம், நீதி. பள்ளியில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஒப்படைப்பதற்கு முந்தின ராத்திரி மூன்று பேனாவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இருபது நாள் பாக்கியை எழுதி முடித்தேன். முழு மதிப்பெண். 'விடாமல் எழுதியிருக்கிறீர்கள்' என்று சிவப்பு மையில் பாராட்டு வேறு.

அந்தப் பாராட்டுதான் உறுத்தியது. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எனக்கென்று எழுத ஆரம்பித்தேன். யாருக்கு வாசித்தேன், கேட்டவன் எங்கே சிரித்தான், எனக்கு எங்கே கொட்டாவி வந்தது. அவ்வளவுதான்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை முதலில் பறக்கும் ரயிலில் மனதுக்குள் வாசித்தேன். கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் நுழைவதற்குள் 'எளிய சந்தம், இனிய சொற்கள்' என்று குறிப்பும் தயார். அதை எழுத நான் அவரை வாசித்திருக்கவே வேண்டாம். வீட்டில் அக்கா பையனுக்கு ராகம் போட்டுப் பாடிக் காட்டியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே இத்தனை பாட்டு எழுதிய மனிதர், கண்ணுக்காக எழுதவில்லை, வாய்க்காக எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் அன்று 'தட்டு, ரசம் சிந்தியது' என்று மட்டும் இருக்கிறது.

அப்புறம் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த அம்புலிமாமா. 1947-இல் தொடங்கி, எங்கள் வடபழனியிலிருந்து வந்த பத்திரிகை. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். வாசித்து முடித்ததும் கேட்டான்:

"சித்தி, தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"அதுவும் பேசினதாதானே ஆகும்?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "அப்ப தலையை ஆட்டினா?"

எனக்கு நாற்பது வயது. எத்தனை வேதாளக் கதை படித்திருப்பேன்! ஒரு நாளும் இது தோன்றியதில்லை. இந்தக் கேள்வியைப் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? என்னைக் கேட்டால் அந்த 'நீதி' என்ற கட்டத்தைத்தான் முதலில் தூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதியது என்றாலே கடைசியில் புத்திமதி இருந்தாக வேண்டும் என்பது நம்முடைய பயம். பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்படைக்கும் தேதி இல்லையென்றால் நான் நாலாவது நாளே மூட்டை கட்டியிருப்பேன். தேதி இருக்கட்டும், அன்றன்றைக்கு எழுதியதா என்று பார்க்கட்டும். ஆனால் 'அலுப்பாக இருந்தது, பாதியில் வைத்துவிட்டேன்' என்று எழுதினாலும் மதிப்பெண் கிடைக்க வேண்டும். அப்படி எழுதப் பயந்தால் மறுபடி மூன்று பேனாதான்.

இந்த மாத நோட்டைக் கொடுத்துவிட்டேன். வேதாளக் கதைக்கு 'நீதி' என்ற இடத்தில் 'தலையை ஆட்டிப் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.