சாக்பீஸ் தானே என்றவர்களுக்கு

மலைக் கல்வெட்டு பார்க்க நடைப் பயணம் போன ஒரு கூட்டம் தங்கள் சேனலில் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். ஆனால் நேற்று அதன் கீழே என்னை டேக் செய்து, "எல்லாம் பொதுவுல இருக்கணும்னு வாய் கிழியப் பேசுவாரே, அவரே இப்ப மலைக்கு யாரும் வராதேங்கிறாரு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்புக்குறி. சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

பார்க்காதவர்களுக்கு லிங்க் தர மாட்டேன். எந்த மலை என்றும் எழுத மாட்டேன். மேலூர்ப் பக்கம் என்பது வரை போதும்.

குகைக்குள் சமணத் துறவிகளின் கல்படுக்கைக்கு மேலே இருக்கும் தமிழி எழுத்துகள், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்துகள், கேமராவில் பளிச்சென்று விழ வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் வெள்ளைச் சாக்பீஸை வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். தேய்ப்பதையே வேகமாக ஓடவிட்டு, பின்னால் இசை வேறு. அப்புறம் டிரோன். பாறை விளிம்பில் முட்டையோடு உட்கார்ந்திருந்த வல்லூறை எழுப்பிவிட்டு, "நம்மள வெல்கம் பண்ணுது பாருங்க" என்று வர்ணனை. அது வரவேற்கவில்லை ஐயா. கத்திக்கொண்டு சுற்றுகிறது.

அதைப் பார்த்துவிட்டு நான் கேட்டது இந்த இரண்டைத்தான். சாக்பீஸ் எதற்கு, டிரோன் எதற்கு. மலைக்கு வராதே என்று எங்கேயும் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, வேண்டுமென்றால் போடுகிறேன்.

பொதுவில் இருக்க வேண்டும் என்று நான் இத்தனை வருடமாகப் பேசுவது எதை? கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. அதை யார் எப்படிப் படித்தார், எந்த எழுத்தில் சந்தேகம் இருக்கிறது என்பதை. படத்தை, புத்தகத்தை, பறவைப் பட்டியலை. இவற்றை ஒரு லட்சம் பேர் எடுத்துக்கொண்டு போனாலும் ஒன்றும் குறையாது. கல் அப்படி இல்லை. கூடும் அப்படி இல்லை. கண்மாய் ஊருக்கே பொதுதான், அதற்காகக் கரையை ஆளுக்கொரு கூடை வெட்டிக்கொண்டு போக விடுவீர்களா?

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் ஊருக்கே தெரியும் என்பதால் சொல்கிறேன். அங்கே நெல்வேலியைச் சேர்ந்த அதினன் வெளியன் குகை அமைத்துக் கொடுத்ததாக ஒரு தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. வயது 2000 ஆண்டுக்கு மேல். 2003-ல் அதே மலையில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். இலஞ்சியைச் சேர்ந்த இளம்பேராதன் மகன் எமயவன் செய்த கொடை. எங்கோ தெற்கே இருந்த இரண்டு பேர் மதுரைப் பக்கத்து மலையில் துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் மலை ஏற வேண்டியதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து போனிலேயே படிக்கலாம். அப்படிப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. இதில் சாக்பீஸ் எங்கிருந்து வந்தது?

"சாக்பீஸ் தானே, ஒரு மழை பெஞ்சா போயிரும்" என்கிறார் ஒரு நண்பர். வரலாற்று ஆர்வலர் என்று முகப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு விஷயம். குகைக்கு மேலே புருவம் மாதிரி நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் வழிகிற மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அந்தக் காடியிலேயே தடுக்கப்பட்டுக் கீழே சொட்டிவிடும். அதன் கீழே இருக்கும் எழுத்தில் மழை படாது. படாததால்தான் இத்தனை காலம் நின்றது. ஆக, நீங்கள் தேய்த்த சாக்பீஸும் நிற்கும். அடுத்து வருகிறவன் அதன் மேலேயே தேய்ப்பான். கை நடுங்கி ஒரு கோடு தள்ளிப் போட்டால், புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வரும். அதைப் படம் எடுத்து ஒருவர் புது வாசிப்பு என்று கட்டுரையும் எழுதுவார். பிறகு யாராவது நல்லெண்ணத்தோடு கம்பி பிரஷ் எடுத்துவந்து சுத்தம் செய்வார்.

"கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுக்கும்போது தொல்லியல் துறை ஆட்கள் மை பூசுறாங்களே, அது மட்டும் சரியா?" இன்னொருவர். கல்லில் யாரும் மை பூசுவதில்லை. கல்லைத் தண்ணீரால் துடைத்து, நனைந்த தாளை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். மை படுவது தாளின் வெளிப்புறத்தில். உரித்து எடுத்தால் எழுத்து வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கருப்பாகவும் தாளில் நிற்கும். அதுவும் பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை. உங்களுக்குப் படம்தானே வேண்டும்? வெயில் சாய்ந்த பிறகு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். என் படங்கள் எல்லாம் அப்படி எடுத்தவைதான். காசும் இல்லை, கறையும் இல்லை.

வல்லூறு விஷயத்துக்கு வருகிறேன். அரிட்டாபட்டி மலைகளில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகளைக் குறிப்பிட்டுத்தான் அந்த இடத்தை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தது. ஷாஹீன் கூடு என்று ஒன்றைக் கட்டுவதில்லை. பாறை விளிம்பில் மண்ணைச் சற்றுக் கீறி, அதிலேயே முட்டையிடும். தாய் எழுந்து போனால் வெறும் பாறையில் முட்டை வெயிலில் கிடக்கும். "அஞ்சு நிமிசம்தான் பறக்கவிட்டோம்" என்கிறார்கள். நீங்கள் அஞ்சு நிமிடம். உங்கள் வீடியோவைப் பார்த்து வருகிறவர்கள் எத்தனை அஞ்சு நிமிடம்? வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஐ எடுத்துப் பாருங்கள். வேட்டை எது எது என்று சொல்லும் இடத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை.

இ-பேர்ட் என்ற இணையதளத்தில் நான் பதிவு போடுகிறவன். உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் அள்ளி அள்ளித் தகவல் கொடுக்கிற இடம் அது. அங்கேயே, வேட்டைக்கும் திருட்டுக்கும் ஆளாகிற பறவை என்றால் எங்கே பார்த்தது என்பதைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுவார்கள். எல்லா உயிர்களையும் பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுவார்கள். திறந்த தகவலுக்காகவே உழைக்கிறவர்கள் போட்ட விதி இது. அவர்களையும் இரட்டை வேடம் என்று சொல்லுங்களேன். அந்த மலைகளில் தேவாங்கு இருக்கிறது, அலங்கு என்கிற எறும்புத்தின்னி இருக்கிறது. அலங்கின் செதிலுக்கு வெளியே என்ன விலை கிடைக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். வளை எங்கே என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. அதை நாம் மேப்பில் குறித்துக் கொடுக்க வேண்டுமா?

இப்போது வந்த கேள்விகளில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். "படிச்சவங்க நீங்க மட்டும் போகலாம், நாங்க போனா அசிங்கமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதைக் கிண்டலாகத் தள்ள எனக்கு மனசில்லை. இந்த மண்ணில் எழுத்தை ஒரு கூட்டம் பூட்டி வைத்துக்கொண்டு மற்றவனை வாசலிலேயே நிறுத்திய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. எனக்கே நடந்திருக்கிறது. கல்லூரியில் படித்த காலத்தில், கல்வெட்டுத் தொகுதி ஒன்று தேடி ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். எந்தத் துறை என்று கேட்டார்கள். வணிகவியல் என்றேன். "பி.காம் படிக்கிறவனுக்குக் கல்வெட்டு எதுக்குப்பா?" என்றார் மேசையில் இருந்தவர். கடிதம் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது என்றார். உட்கார்ந்து கையால் எழுதினேன், மூடும் மணி அடிக்கிற வரைக்கும். எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தவர். கல்வெட்டு எங்கள் வீட்டுச் சொத்து இல்லை. அதனால்தான் தம்பி, நான் எடுக்கிற படத்தை எல்லாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற விக்கிமீடியா தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எந்த மேசையிலும் யாரும் உன்னை எந்தத் துறை என்று கேட்கக் கூடாது என்பதற்காக. நீ மலைக்குப் போ. நூறு முறை போ. சாக்பீஸை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

"உள்ளூர்ப் பையன்களுக்கு நாலு காசு கிடைக்குதே, அது பொறுக்கலையா?" என்றும் கேட்டார்கள். அந்த நடைப் பயணத்தில் உள்ளூர்க்காரர் யார் இருந்தார்? வழிகாட்டியும் மதுரை, வேனும் மதுரை, பொங்கல் பொட்டலமும் மதுரை. ஊருக்குக் கிடைத்தது காலி பாட்டில். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

நாம் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆத்திரம். பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டுவிட்டு, திறக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிறோம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் எத்தனை காலம் மைசூரில் கிடந்தன? அவற்றைச் சென்னைக்குக் கொண்டு வாருங்கள் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டி வந்தது. அது குறித்து இந்தச் சிரிப்புக்குறி போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினார்கள்? சம்பளம் வாங்காத ஆட்கள் 1998-லிருந்து மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினார்களே, அவர்களில் யாருடைய முகமாவது உங்களுக்குத் தெரியுமா? திறந்த அறிவு என்றால் அந்த வேலை. கேமராவுக்கு முன்னால் கையை விரித்து நிற்பது இல்லை.

2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? ஏறக்குறைய 2015 ஹெக்டேர். பல்லுயிர் தலம் என்று அறிவித்த மலையும் அதற்குள். அன்றைக்கு ஊர்க்காரர்கள் கல்வெட்டையும் சமணப் படுக்கையையும் பறவைப் பட்டியலையும் சொல்லித்தான் பேசினார்கள். அவை பொதுவில் இருந்ததால் சொல்ல முடிந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 23-ம் தேதி ஏலம் ரத்தானது. ஒரு மலையைக் காப்பாற்றியது அந்தக் கால்கள். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் அருகே, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு வரி உண்டு. அச்சணந்தி செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் ரக்ஷை என்று முடியும். செய்வித்தவர் துறவி, காவல் ஊர்க்காரர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்த ஏற்பாடு.

அது இன்னும் நடப்பில் இருக்கிறது. போன தை மாதம் நான் ஏறப் போனபோது, அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா மறித்தது. "யாரு வீட்டுப் பிள்ளைய்யா? எங்குட்டுப் போற?" கல்வெட்டுப் பார்க்க என்றேன். "பாரு. தெக்குப் பக்கம் போகாத, பருந்து அடை கெடக்கு. பொகை கிகை போட்ராத, தேன்தட்டு இருக்கு." அதற்கு வல்லூறுக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். எங்கே போகக் கூடாது என்பது தெரிந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. குழந்தைகள் கூட. நம்மவர்களுக்கு ஒரு டிரோனைப் பைக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். அந்த வீடியோவில் நடுவில் வரும் படங்களில் பல என்னுடையவை. விக்கிமீடியாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எடுக்கட்டும், அதற்குத்தான் போட்டேன். விற்கக்கூட செய்யலாம், உரிமத்தில் இடமுண்டு. கேட்பது ஒன்றுதான், எடுத்தவன் பெயரைப் போட வேண்டும். பெயரைப் போடவில்லை என்பது மட்டுமில்லை, மூலையில் அவர்கள் சேனல் முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். கேட்டதற்கு "விளம்பரத்துக்கு அலையிறார்" என்று பதில். ஆமாம், அலைகிறேன். சாயங்காலம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தேனீக்குப் பயந்து, மூச்சை அடக்கி எடுத்த படத்துக்குக் கீழே என் பெயர் சின்ன எழுத்தில் வர வேண்டும் என்று அலைகிறேன். பெரிய பேராசைதான்.

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் "அண்ணே, அந்தக் கூடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு: சொல்ல மாட்டேன். கல்வெட்டின் வாசிப்பும் படமும் வேண்டும் என்றால் கேளுங்கள், இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.