பெட்டியில் ஃபிஃபா பெயர் இல்லை. வீரர்கள் எங்கும் போய்விடவில்லை

"ஃபிஃபா கால்பந்து வீடியோ கேமை நிறுத்திவிட்டார்கள், புதிய பெட்டியில் இருப்பது போலி, உண்மையான வீரர்களும் அணிகளும் அதில் கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

முக்கியமாக மாறியது பெயர்தான். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பெயரில் 1993 முதல் இந்த வீடியோ கேமை வெளியிட்டுவந்த இஏ (எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனம், அந்தப் பெயருக்கான ஒப்பந்தம் முடிவதாக 2022 மே மாதம் அறிவித்தது. ஃபிஃபா 23தான் அப்பெயரில் அது தயாரித்த கடைசி ஆண்டு வெளியீடு. 2023 செப்டம்பரில் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 என்ற பெயரில் அதே தொடர் வந்தது. அதன் அட்டையிலேயே நார்வே கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் நிற்கிறார்.

ஃபிஃபாவிடம் இஏ பெற்றிருந்தது அந்த அமைப்பின் பெயரையும் உலகக் கோப்பையையும் பயன்படுத்தும் உரிமை. வீரர்கள், கிளப்புகள், பிரீமியர் லீக் போன்ற போட்டிகளுக்கான உரிமங்கள் தனித்தனியானவை. எஃப்சி 24-இல் 19,000-க்கும் அதிகமான வீரர்கள், 700-க்கும் அதிகமான அணிகள் இருப்பதாக நிறுவனமே அறிவித்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் பெரிய பெயரைப் பார்த்தே வாங்கிப் பழகிய பெற்றோர் குழம்புவது இயல்புதான். அந்தக் குழப்பத்தில்தான் இச்செய்தி பரவுகிறது.

இஏ இணையதளத்தில் 2022 மே மாத அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். தயவுசெய்து இச்செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பகிருங்கள்.