அந்த டி-சர்ட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

கருப்பு டி-சர்ட்டில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும் படம் ஒன்று உண்டு. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் இசைக்குழு 1979-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் அது. ஒரு பல்சர் விண்மீனிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகளின் வரைபடம். அதைப் போட்டிருக்கிற எல்லோரும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டும். என் வருத்தம் வேறு. அந்தக் குழு வாசித்த போஸ்ட்-பங்க் இசையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மொத்தக் கதையும் அந்த ஒரு டி-சர்ட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மான்செஸ்டர், மழை, சாம்பல் நிறக் கட்டடங்கள், சோகமான நான்கு இளைஞர்கள், அவ்வளவுதான். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976, 77-ல் பங்க் என்ற முரட்டு ராக் இசை வந்து "வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, மேடை ஏறு" என்று கதவைத் திறந்துவிட்டது. ஆனால் சீக்கிரமே பங்கும் ஒரே வேகம், ஒரே மூன்று கிட்டார் கார்டு (chord, ஸ்வரக்கூட்டு), ஒரே முறைப்பு என்று இறுகிப்போனது. திறந்த அந்தக் கதவு வழியாக உள்ளே வந்து, கிட்டார் இப்படித்தான் ஒலிக்க வேண்டும், டிரம்ஸ் இப்படித்தான் அடிக்க வேண்டும் என்ற விதிகளையும் சேர்த்துக் கலைத்துப் போட்டவர்கள்தான் போஸ்ட்-பங்க் ஆட்கள். தோராயமாக 1978-லிருந்து 1984 வரை. அதுவரை ராக் மேடையில் பெரிதாக இடம் கிடைக்காத பெண்கள், ஜமைக்கா, பார்படாஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கலைக்கல்லூரி மாணவர்கள், வேலையில்லாதவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். பெரிய கம்பெனிகளை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பஸ்காக்ஸ் குழு 1977-ல் தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கித் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. அடுத்த வருடம் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தங்கள் தட்டின் உறையிலேயே தயாரிப்புச் செலவைக் கணக்குப் போட்டு அச்சடித்தது. இவ்வளவுதான் செலவு, நீங்களும் போடலாம் என்று சொல்கிற அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது ஈ.எஸ்.ஜி. பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ். எழுபதுகளில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்து பாழாகிக் கிடந்த பகுதி. அங்கே ஸ்கிராகின்ஸ் குடும்பத்துப் பெண்கள் தெருவில் சுற்றி வம்பில் மாட்டிவிடக் கூடாது என்று அவர்களுடைய அம்மா இசைக்கருவிகள் வாங்கிக் கொடுத்தார். ரெனே பாடினார், வேலரி டிரம்ஸ், டெபோரா பேஸ் கிட்டார், மரி காங்கா என்ற கை மேளம். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. மற்றவர்களின் பாட்டை அச்சு மாறாமல் வாசிக்க வராததால் தாங்களே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். பேரைப் பாருங்கள்: எமரால்டு, சஃபையர் அண்ட் கோல்டு. முதல் இரண்டும் வேலரிக்கும் ரெனேவுக்கும் உரிய பிறந்த மாதக் கற்கள். கோல்டு என்பது என்றாவது தங்கள் தட்டு விற்பனையில் கோல்டு ரெக்கார்டு ஆக வேண்டும் என்ற ஆசை.

மான்செஸ்டரின் ஃபாக்டரி லேபிளை, அதாவது இசைத்தட்டு நிறுவனத்தை, நடத்திய டோனி வில்சன் நியூயார்க்கில் இவர்களின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, உடனே ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 1981. ஒலிப்பதிவு செய்தவர் மார்ட்டின் ஹானட். ஆமாம், அந்த டி-சர்ட் ஆல்பத்தின் ஒலியை உருவாக்கிய அதே ஹானட், அதே லேபிள். இரண்டு பாட்டு முடித்ததும் டேப்பில் மூன்று நிமிடம்போல மிச்சம் இருந்ததாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அப்படிப் பதிவானதுதான் 'யூ.எஃப்.ஓ.'. சைரன் மாதிரி அலறிக்கொண்டு தொடங்கும் ஒரு கிட்டார், அடியில் பேஸும் டிரம்ஸும், பாட்டு வரிகளே கிடையாது. அடுத்த வருடம் மே மாதம் மான்செஸ்டரில் ஹசியெண்டா கிளப் திறந்த முதல் இரவில் மேடையேறியதும் இவர்கள்தான். அந்தக் கிளப்பைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை ஆவணப்படம் வந்துவிட்டது. அந்த இரவில் பாடிய பிராங்க்ஸ் சகோதரிகளின் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். 'யூ.எஃப்.ஓ.'வின் அந்த முதல் சில நொடி அலறலை ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, தங்கள் பாட்டுக்கு அடியில் போட்டார்கள். பிக் டாடி கேன், பப்ளிக் எனிமி என்று பட்டியல் நீளும், நூற்றுக்கணக்கில் போகும். அந்தக் காலத்தில் அனுமதி கேட்பதும் இல்லை, பணம் கொடுப்பதும் இல்லை. அமெரிக்காவில் இப்படி வெட்டி எடுக்கும் சாம்பிளுக்கு அனுமதி கட்டாயம் என்ற நிலையை ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உறுதிசெய்ததே 1991 கடைசியில்தான். 1992-ல் ஈ.எஸ்.ஜி. ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதன் தலைப்பு, தமிழில் சொன்னால், 'சாம்பிளுக்குப் பேர் போட்டால் மட்டும் எங்கள் பில் கட்டிவிட முடியாது'. இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது, ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹிப்-ஹாப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதுவும் ஒன்றும் இல்லாதவர்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய கலை. ஆனால் "இவர்களின் தாக்கம் மகத்தானது" என்று இசைப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். தாக்கம் என்ற வார்த்தையில் கடன் மறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஈ.எஸ்.ஜி.யின் தட்டுகளை வெளியிட்டது 99 ரெக்கார்ட்ஸ், எட் பால்மன் என்பவர் நியூயார்க்கில் ஒரு சின்னக் கடையிலிருந்து நடத்திய லேபிள். அங்கே லிக்விட் லிக்விட் என்று இன்னொரு குழு. அவர்களின் 'கேவர்ன்' பாட்டின் பேஸ் வரியை அப்படியே எடுத்துதான் 1983-ல் 'ஒயிட் லைன்ஸ்' என்ற பெரிய ஹிட் உருவானது. வழக்கு நடந்தது, அலைச்சல் நடந்தது, கடைசியில் அந்தச் சின்ன லேபிளே மூடப்பட்டது. பாட்டு இன்றும் பார்ட்டிகளில் ஓடுகிறது.

சரி, பேஸ் என்று வந்துவிட்டதால் டென்னிஸ் போவெல். பார்படாஸில் பிறந்து சிறுவயதில் லண்டன் வந்தவர், மட்டும்பி என்ற ரெகே குழுவை நடத்தியவர், பெரிய ஸ்பீக்கர்களில் ரெகே தட்டுகளைப் போட்டு ஆடவைக்கும் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தவர். போலீஸ் ஒரு நிகழ்ச்சிக்குள் புகுந்ததில் கைதாகி, தண்டனை பெற்று, மாதக்கணக்கில் சிறையில் இருந்து, பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானவர். 1979 என்ற ஒரே வருடத்தில் அவர் தயாரித்ததைப் பாருங்கள்: தி பாப் குரூப்பின் முதல் ஆல்பம், தி ஸ்லிட்ஸின் 'கட்', இது போதாதென்று ஜேனட் கே பாடி பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போன 'சில்லி கேம்ஸ்'. 'கட்' ஆல்பத்தில் 'நியூ டவுன்' என்ற பாட்டைக் கேளுங்கள். தீப்பெட்டிச் சத்தமும் ஸ்பூன் விழும் சத்தமும் தாளமாக வரும். போஸ்ட்-பங்கில் பாட்டை நகர்த்துவது பெரும்பாலும் பேஸ், சத்தத்துக்கு நடுவே பெரிய வெற்றிடம், எதிரொலி. இதெல்லாம் டப் இசையிலிருந்து, அதாவது கரீபியன் ஸ்டூடியோக்களிலிருந்து வந்தது. அதை நேரடியாகக் கையில் கொண்டுவந்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் போவெல். இந்த இசையை வெள்ளைக்கார இளைஞர்களின் சோகமாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த மனிதரைத் தாண்டி எப்படிப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

தி ரெயின்கோட்ஸ் கதை கொஞ்சம் பிரபலம், ஆனால் பிரபலமான விதம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து வந்த அனா ட சில்வா, ஜினா பர்ச், இருவரும் லண்டனில் கலைக்கல்லூரி மாணவிகள். ஸ்லிட்ஸ் பெண்களின் கச்சேரியைப் பார்த்துத் தைரியம் வந்து 1977-ல் குழு தொடங்கினார்கள். பிறகு ஸ்லிட்ஸிலிருந்து விலகிய டிரம்ஸ் கலைஞர் பாமோலிவும் வயலினோடு விக்கி ஆஸ்பினாலும் சேர்ந்தார்கள். கச்சேரிகளில் பாட்டைப் பணிவாகப் பின்தொடர்கிற வயலினைக் கேட்டுப் பழகிய காது எனக்கு. இங்கே வயலின் பாட்டோடு சண்டை போடும், கிட்டாரை இடித்துத் தள்ளும், திடீரென்று தோளில் சாய்ந்துகொள்ளும். முதல் தடவை கேட்டபோது இவர்களுக்கு ஒத்திகை போதவில்லை என்றுதான் நினைத்தேன். பத்தாவது தடவையில் கண் கலங்கிவிட்டது. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நான்கு பேர் சேர்ந்து நடக்கிற மாதிரி ஒரு இசை.

1984-ல் மூன்றாவது ஆல்பம், அதோடு கலைந்தார்கள். தட்டுகள் கடைகளிலிருந்து காணாமல் போயின. 1992-ல், அப்போது உலகப் புகழ் பெற்றிருந்த அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் கர்ட் கோபேன், தேய்ந்துபோன தன் பிரதிக்குப் பதில் வேறு பிரதி தேடி லண்டன் ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடைக்குப் போகிறார். தட்டு இல்லை, ஆனால் அனா பக்கத்தில்தான் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று சொல்கிறார்கள். நேரே அங்கே போய் அனாவைச் சந்திக்கிறார். அந்த வருடக் கடைசியில் வந்த நிர்வாணா தொகுப்பின் உறையில் இந்தச் சந்திப்பை மனம் நெகிழ்ந்து எழுதினார். அதன் பலனாக ரெயின்கோட்ஸ் ஆல்பங்கள் மறுபடி அச்சாயின, குழு மறுபடி கூடியது, 1994 ஏப்ரலில் நிர்வாணாவோடு பிரிட்டன் சுற்றுப்பயணம் என்று முடிவானது. அந்த ஏப்ரலில்தான் கோபேன் இறந்தார்.

அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவே மாட்டேன். ஆனால் இன்று ரெயின்கோட்ஸ் பற்றி எழுதப்படும் கட்டுரையில் முக்கால்வாசி, முதல் பத்தியில் கோபேன் வந்துவிடுகிறார். நானே இப்போது அதைத்தானே செய்தேன், பார்த்தீர்களா. ஒரு பெண் குழுவுக்கு மதிப்பு வர ஒரு பிரபல ஆண் வந்து சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. 1981-ல் அவர்கள் வெளியிட்ட 'ஒடிஷேப்' ஆல்பம் முதல் ஆல்பத்தைவிட இன்னும் விநோதமானது, இன்னும் அழகானது, ராபர்ட் வயட் போன்ற பெரிய கலைஞர் அதில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதோடு ஒட்டிய கடைக் கதை எதுவும் இல்லை.

யங் மார்பிள் ஜயன்ட்ஸ் பற்றி அதிகம் விளக்கத் தெரியவில்லை. வேல்ஸின் கார்டிஃப் நகரம், மூன்று பேர், 1980-ல் ஒரே ஒரு ஆல்பம். டிரம்ஸ் கிடையாது, உறவினர் ஒருவர் வீட்டில் செய்த தாள இயந்திரத்தின் ஓசையை கேசட்டில் பதிந்து ஓடவிட்டார்கள். ஆலிசன் ஸ்டாட்டன் பாடுவது, அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று குரலைத் தாழ்த்திப் பேசுவது போல இருக்கும். எல்லோரும் கத்திக்கொண்டிருந்த காலத்தில் இவ்வளவு அமைதியாக இருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பைலான் என்று ஒரு குழு. 1987-ல் ஒரு பெரிய இசைப் பத்திரிகை, ஆர்.ஈ.எம். குழுதான் அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்று அட்டையில் போட்டபோது, அந்தக் குழுவின் டிரம்மர் பில் பெர்ரி, இல்லை, அது பைலான் என்றார். அந்த பைலானின் பாடகி வனெசா பிரிஸ்கோ ஹே பிறகு நர்ஸ் வேலை பார்த்தார். பர்மிங்காமின் ஆ பேர்ஸ் குழுவில் பாடிய லெஸ்லி வுட்ஸ் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். நல்ல வேலைகள், மரியாதையான வேலைகள்தான். ஆனாலும் இசை அவர்களுக்குச் சோறு போடவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஜாய் டிவிஷன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் ரசிகன்தான். அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980-ல் 23 வயதில் இறந்தது இன்றும் வலிக்கிற விஷயம். இளவயதில் இறந்தவரைச் சுற்றிக் கதை சுலபமாக உருவாகிவிடுகிறது, உயிரோடு இருந்து வயதாகிக்கொண்டே பாடுகிற பெண்களைச் சுற்றி உருவாவதில்லை என்று ஒருகாலத்தில் நான் வாதாடுவேன். பிறகு தி சவுண்ட் குழுவின் ஏட்ரியன் போர்லண்ட் நினைவுக்கு வருவார். 1981-ல் அவர்கள் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் அந்தக் காலத்தின் எந்த ஆல்பத்துக்கும் குறைந்தது இல்லை. பல வருடம் மனநோயோடு போராடி 1999-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பேரில் டி-சர்ட் விற்கவில்லை. ஆக என் வாதமும் முழுசாகச் சரியில்லை. எந்த லேபிள் பணம் செலவழித்தது, எந்தத் தட்டு தொடர்ந்து அச்சில் இருந்தது என்பதற்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

நம் ஆட்கள் யாராவது இந்தக் கதையில் உண்டா என்று கேட்டால், உண்டு. மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ. போஸ்ட்-பங்க் குழுவான வயர் போட்ட ஒரு கிட்டார் வரியைத் தங்கள் ஹிட்டில் எடுத்துக்கொண்டு, பிறகு அவர்களோடு சமரசம் செய்துகொண்ட குழு எலாஸ்டிகா. அந்த எலாஸ்டிகாவின் 2000-ஆம் வருட ஆல்பத்துக்கு அட்டை செய்ததும், அவர்களின் சுற்றுப்பயணத்தைக் கேமராவில் பதிந்ததும் இந்த ஈழத்துப் பெண். அந்தப் பயணத்தில்தான் பாட்டுக் கட்டும் ஆசை பிடித்தது. பிறகு 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் தி கிளாஷ் குழுவின் 1982 பாட்டு ஒன்றை சாம்பிளாக எடுத்தார். குடியேறியவர்களைப் பற்றிய பாட்டு அது, ஒரு அகதிக் குடும்பத்துப் பெண் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் கிளாஷ் உறுப்பினர்களின் பேர் பாட்டை எழுதியவர்களின் வரிசையிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பேரும் போகும், பணமும் போகும். இதே மரியாதை பிராங்க்ஸ் சகோதரிகளுக்கும் முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கேட்க ஆரம்பிப்பவர்கள் ஈ.எஸ்.ஜி.யின் 'மூடி' (Moody) என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள், ஹெட்போன் வேண்டாம், பேஸ் நன்றாக வரும் ஸ்பீக்கரில் போடுங்கள். அடுத்து 'கட்'. ரெயின்கோட்ஸ் ஆல்பத்துக்கு மட்டும் மூன்று தடவையாவது நேரம் கொடுங்கள், அதற்குள் முடிவு செய்யாதீர்கள். பிடித்தால், முடிந்தவர்கள் ஒரு ஆல்பமாவது காசு கொடுத்து வாங்குங்கள்.